ஃபைபர் அறுந்தது, வழி மாறியது, எல்லா அழைப்புகளும் சேர்ந்து கெட்டன: எங்கே தவறு?

#1 வெண்ணாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். டெல்டா மாவட்டங்களில் இணையமும் தொலைபேசித் தடங்களும் தரும் ஒரு சிறிய நிறுவனத்தில் வலையமைப்பைப் பார்த்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம். எங்கள் ஃபைபர் ஒரு வளையம். மைய நிலையத்திலிருந்து இடப்பக்கம் ஒரு கை, வலப்பக்கம் ஒரு கை. பாதி வாடிக்கையாளர்கள் இடது கையில், மீதிப் பேர் வலது கையில். குரலுக்குத் தனி முன்னுரிமை வரிசை உண்டு. ஒவ்வொரு குரல் பாக்கெட்டின் (பேச்சைத் துண்டாக்கி அனுப்பும் தரவுப் பொதியின்) தலைப்பிலும் டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமை எண்ணைக் குறியிட்டு அனுப்புகிறோம். அந்த வரிசைக்கு ஒவ்வொரு கையிலும் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) உச்சவரம்பு. வேலை நாள் முற்பகலில் ஒவ்வொரு கையிலும் 80 எம்பிபிஎஸ் வரை குரல் ஓடும்.

சென்ற வாரம் பதினொன்றரை மணிக்குச் சாலை விரிவாக்கத்துக்கு வந்த பொக்லைன் இடது கையை அறுத்துவிட்டது. இணைப்பு அறுவதைக் கவனிக்கும் பிஎஃப்டி உடனே கண்டுபிடித்தது, வழியைத் தேர்ந்தெடுக்கும் ஓஎஸ்பிஎஃப் வழியை மாற்றியது, ஒரு நொடிகூட ஆகவில்லை. கண்காணிப்புத் திரையில் அறுந்த துண்டைத் தவிர எல்லாம் பச்சை. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு இதே இடத்தில் அறுந்தபோது நாற்பது நொடி இருட்டில் கிடந்தோம். இப்போது ஒரு நொடி. நான் நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போனேன்.

பத்து நிமிடத்தில் புகார்கள் வரத் தொடங்கின. யாருடைய அழைப்பும் துண்டாகவில்லை. ஆனால் எதிர்முனையில் பேசுவது ஒருவருக்கும் புரியவில்லை. இதில் என்னைக் குடைவது ஒன்றுதான்: வலது கையில் எந்த வம்புக்கும் போகாமல் இருந்த வாடிக்கையாளர்களுக்கும் அதே கதி. ஃபைபரை ஒட்டி முடிக்க நான்கு மணி நேரம் ஆனது. நான்கு மணி நேரமும் இப்படியே இருந்தது.

முன்னுரிமை வரிசை இருந்தும் ஏன் இப்படி? வழி மாறிய பிறகு வரும் இந்தத் திடீர் நெரிசலை எப்படிச் சமாளிப்பது?

#2 முதுகெலும்பு

80 கூட்டல் 80, 160. வரம்பு 100. இதில் என்ன மர்மம் இருக்கிறது?

வளையத்தில் ஒரு கையில் பாதிக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பாலபாடம். 50 இருக்க வேண்டிய இடத்தில் 80 வைத்திருக்கிறீர்கள். வரம்பை 200 ஆக்குங்கள், வேலை முடிந்தது.

#3 வெண்ணாற்றங்கரை

ஐயா, மூன்று ஆண்டுகளுக்கு முன்பு 45தான் ஓடியது. விற்பனைப் பிரிவு மாதம் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டே போகும்போது 50-ஐத் தாண்டிய நாள் எதுவென்று யாரும் குறித்து வைக்கவில்லை. அது எங்கள் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 200 ஆக்க முடியாது. வலது கை ஆற்றைக் கடக்கும் இடத்தில் இன்னும் மைக்ரோவேவ்தான். அங்கே மொத்தமே 300 எம்பிபிஎஸ், அதுவும் வானம் தெளிவாக இருந்தால். ஐப்பசி மழையில் கருவி தானாகவே பண்பேற்றத்தை (அலையில் தரவை ஏற்றும் அடர்த்தியை) குறைத்துக்கொள்ளும், கொள்ளளவு பாதிக்கும் கீழே இறங்கும். அங்கே குரலுக்கு 200 கொடுத்தால் மழை நாளில் வேறு எதுவுமே போகாது.

#4 நிரல்மொழி

முதுகெலும்பு ஐயா சொன்ன கூட்டல் சரி. ஆனால் கேட்ட கேள்விக்கு அது முழுப் பதிலாகாது. 60 எம்பிபிஎஸ் இடமில்லை என்றால் 60 எம்பிபிஎஸ் அளவுக்குத்தானே பேர் பாதிக்கப்பட வேண்டும்? ஏன் எல்லோரும் பாதிக்கப்பட்டார்கள்?

ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் அழைப்பு ஒன்று நொடிக்கு 50 பாக்கெட் அனுப்பும். ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், தலைப்புகள் 40 பைட். கணக்குப் போட்டால் 80 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 80 கிலோபிட். ஆக உங்கள் இரண்டு கைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 2000 அழைப்புகள் ஓடியிருக்கின்றன. வலது கை தாங்கக்கூடியது 1250. மிச்சம் 750.

நீங்கள் வைத்திருக்கும் டிஃப்சர்வ் முறைக்கு (குறியைப் பார்த்துப் பாக்கெட்டுகளை வகுப்பு வகுப்பாக நடத்துவது) அழைப்பு என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது ஆறு பிட் அடையாளம் மட்டும். 46 என்று நெற்றியில் எழுதி வரும் எல்லாப் பாக்கெட்டும் அதற்கு ஒரே சாதி. இடம் போதாதபோது யார் பாக்கெட் என்று பாராமல் தள்ளிவிடும். 160-இல் 60 விழுந்தால் 37.5 விழுக்காடு. அந்த இழப்பு 2000 பேருக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. நூற்றுக்கு முப்பத்தேழு துண்டு காணாமல் போன பேச்சு யாருக்கும் விளங்காது. இதுவே வலைப்பக்கம் என்றால் அதைக் கொண்டுசெல்லும் டிசிபி நெறிமுறை வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கியிருக்கும். குரல் யுடிபி என்ற நெறிமுறையில் போகிறது, அதற்கு ஒதுங்கத் தெரியாது. எனவே நான்கு மணி நேரமும் 100 எம்பிபிஎஸ் நிரம்பி வழிந்தது, ஆனால் உருப்படியாகப் போய்ச் சேர்ந்த அழைப்பு சுழியம். 750 பேரை முழுதாகத் துண்டித்திருந்தால் 1250 பேர் பேசி முடித்திருப்பார்கள்.

இந்தச் சிக்கல் வடிவமைத்தவர்களுக்குத் தெரியாததல்ல. 1997-இல் வந்த ஆர்எஸ்விபி என்ற நெறிமுறை ஒவ்வொரு அழைப்புக்கும் வழிநெடுக ஒவ்வொரு ரவுட்டரிலும் இடம் பதிவு செய்யும். இயல்பாக 30 நொடிக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். நடு ரவுட்டர்கள் லட்சக்கணக்கான பதிவுகளைச் சுமக்க வேண்டும் என்பதால் பெரிய வலையமைப்புகள் அதைத் தொடவில்லை. 1998 டிசம்பரில் டிஃப்சர்வ் வந்தது. சுமையையெல்லாம் இறக்கி வைத்தது. கூடவே நினைவையும் இறக்கி வைத்துவிட்டது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. ஆர்எம்டி என்பார்கள். எரிக்சன் நிறுவனத்தினரும் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து வளர்த்தது. 2010 அக்டோபரில் ஆர்எஃப்சி 5977 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளிவந்தது. வலையமைப்பின் ஓரத்தில், அழைப்பு நுழையும், வெளியேறும் இடங்களில் இருக்கும் ரவுட்டர் மட்டும் ஒவ்வொரு அழைப்பையும் நினைவில் வைத்திருக்கும். நடுவில் இருப்பது வகுப்புக்கு ஒரேயொரு எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும்: "குரல் வகுப்பில் இப்போது இத்தனை அலகு பதிவாகியிருக்கிறது". புதிதாக ஒருவர் வந்தால் கூட்டும், போனால் கழிக்கும், நிரம்பிவிட்டால் வேண்டுகோள் செய்தியில் "இடமில்லை" என்று குறியிட்டு அனுப்பும். வந்தவர் யார், எங்கே போகிறார் என்பது அதற்கு வேண்டாத சங்கதி. அந்த எண்ணைக்கூட வைக்காமல், ஓடும் போக்குவரத்தை அளந்து மட்டும் முடிவெடுக்கும் இன்னொரு வகையும் அதே ஆவணத்தில் இருக்கிறது.

#5 பழைய_எக்ஸ்சேஞ்ச்

தம்பி வெண்ணாற்றங்கரை, முப்பத்தோரு வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் புகாரைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வருத்தம் வந்தது. எங்கள் காலத்தில் இந்த வியாதியே கிடையாது. "இந்தத் தடத்தில் உள்ள அனைத்து இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன" என்று ஓர் அம்மையார் சொல்வாரே, நினைவிருக்கிறதா? எல்லோரும் அந்தக் குரலைத் திட்டினார்கள். ஆனால் அதற்கு என்ன பொருள்? முப்பது தடம் இருந்தால் முப்பது பேர் பேசுவார்கள், முப்பத்தொன்றாம் ஆள் காத்திருப்பார். உள்ளே இருக்கும் முப்பது பேரின் பேச்சு கெடாது. எத்தனை பேர் வந்தால் எத்தனை பேரைத் திருப்பி அனுப்ப நேரும் என்பதை டென்மார்க்கின் எர்லாங் 1917-லேயே சூத்திரமாக எழுதி வைத்துவிட்டார்.

நீங்களும் டெல்டாக்காரர்தானே? தண்ணீர் குறைந்த வருடம் கடைமடையில் என்ன செய்வார்கள்? முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். இருக்கிற தண்ணீரை எல்லா வயலுக்கும் கால் அடி, கால் அடி என்று ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் எல்லா வயலும் காயும். உங்கள் முன்னுரிமை வரிசை அதைத்தான் செய்திருக்கிறது.

#6 புதியவன்_22

ஒரு சந்தேகம், தவறாக இருந்தால் மன்னிக்கவும். ஃபைபர் அறுந்ததும் இடது கை அழைப்புகள் வலது கைக்குத் தாவுகின்றன. அவை அங்கே அனுமதி கேட்டு வந்தவை அல்ல, ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவை. நடுவில் உள்ள ரவுட்டருக்கு அழைப்புகள் தெரியாது என்கிறீர்கள். ஓரத்து ரவுட்டருக்கு நடுவில் நெரிசல் என்று தெரியாது. அப்படியானால் யார், யாரிடம், எத்தனை பேரைத் துண்டிக்கச் சொல்வது?

#7 நிரல்மொழி

தவறே இல்லை, முடிச்சு அங்கேதான் இருக்கிறது. பதிவுகளைப் புதுப்பிக்கும் செய்தி அடுத்த முறை புதிய வழியில் போகும்போது அங்குள்ள எண் தானாகவே உயரும். ஆனால் புதுப்பிக்கும் காலம் 30 நொடி என்றால் அதுவரை அந்த ரவுட்டருக்கு வந்திருப்பவர்கள் யாரென்று தெரியாது. உயர்ந்த பிறகும் புதியவர்களைத் தடுக்கத்தான் அது உதவும். உள்ளே புகுந்துவிட்டவர்களை வெளியேற்றாது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் "கடும் நெரிசல்" என்று தனிப் பகுதியே எழுதியிருக்கிறார்கள்.

நடு ரவுட்டர் குறிப்பிட்ட கால அளவுக்கு ஒருமுறை, உதாரணமாக 50 மில்லிநொடிக்கு ஒருமுறை, குரல் வகுப்பில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று அளக்கும். 160 வந்தது, வரம்பு 100, அதிகம் 60. இந்த 60-ஐ ஓரத்துக்கு எப்படிச் சொல்வது? தனிச் செய்தி அனுப்ப வழியில்லை, யாருக்கு அனுப்புவது என்றே அதற்குத் தெரியாதே. எனவே தன்னைத் தாண்டிப் போகும் பாக்கெட்டுகளின் நெற்றியிலேயே எழுதிவிடுகிறது. 60 எம்பிபிஎஸ் அளவுக்கான பாக்கெட்டுகளின் டிஎஸ்சிபி எண்ணை வேறோர் எண்ணாக மாற்றிவிடும். வெளியேறும் ஓரத்தில் இருக்கும் ரவுட்டர் குறியிட்ட பைட்டுகளை எண்ணும். 60 எம்பிபிஎஸ் குறி வந்திருக்கிறது என்றால் 60 எம்பிபிஎஸ் இறக்க வேண்டும். எந்த அழைப்பு எவ்வளவு என்ற பட்டியல் அதனிடம் இருக்கிறது. தேவையான அளவுக்கு ஆட்களைத் தேர்ந்து, நுழைவு ஓரத்துக்குச் சொல்லித் துண்டிக்க வைக்கும்.

விழுந்த பாக்கெட்டில் குறியிட்டுப் பயனில்லை, தப்பித்துப் போவதில்தான் குறியிட முடியும். அதிகம் 150, தாண்டிப் போவது 100 என்றால் குறியிட இடம் போதாது. அதற்காக வலையமைப்பு முழுமைக்கும் ஓர் எண்ணை ஒத்துக்கொள்வார்கள்: குறியிட்ட ஒரு பைட்டுக்கு இரண்டு பைட் அதிகம் என்று பொருள் என்பதுபோல. அப்போது 75 குறியிட்டால் போதும்.

அதோடு, அந்த ரவுட்டர் வழியாகப் போகும் மற்றப் பாக்கெட்டுகளுக்கும் "பாதிக்கப்பட்ட வழியில் வந்தது" என்று இன்னொரு குறி உண்டு. ஒரே இரு ஓரங்களுக்கு இடையில் இரண்டு சம வழிகள் இருந்து, ஒன்றில் மட்டும் நெரிசல் என்று வையுங்கள். இந்தக் குறி இல்லாவிட்டால் நல்ல வழியில் போகிறவர்களைத் துண்டித்துவிட்டு, நெரிசல் ஏன் குறையவில்லை என்று விழித்துக்கொண்டிருப்போம்.

#8 முதுகெலும்பு

அழகான வடிவமைப்புதான், மறுக்கவில்லை. மூன்று மறுப்புகள்.

ஒன்று, அந்த ஆர்எஃப்சி பரிசோதனை நிலையில் வெளிவந்தது. நான் தொட்ட எந்த ரவுட்டரிலும் அதற்கான கட்டளையைப் பார்த்ததில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த பிசிஎன் என்ற முன்னெச்சரிக்கைக் குறியிடல் முறை, 2009-இல் ஆர்எஃப்சி 5559, அதையும் யாரும் எனக்கு விற்க வந்ததில்லை.

இரண்டு, எம்பிஎல்எஸ் (பாக்கெட்டுகளை முன்பே வகுத்த தடங்களில் அனுப்பும் முறை) வைத்திருந்தால், அந்தத் தடங்களுக்கு இடம் பதிவு செய்யும் ஆர்எஸ்விபி-டிஇ உண்டு. 2001 முதல் இருக்கிறது. தடங்களுக்கு முன்னுரிமை 0 முதல் 7 வரை கொடுக்கலாம்; இடம் போதாதபோது உயர்ந்தது தாழ்ந்ததைத் தள்ளிவிடும்.

மூன்று, அந்த 1250 தவறு. ரவுட்டர் வரம்பை எண்ணும்போது ஈதர்நெட் தலைப்பு 14 பைட்டையும் சேர்த்து எண்ணினால் பாக்கெட் 214 பைட், அழைப்பு 85.6 கேபிபிஎஸ். 100 எம்பிபிஎஸ்ஸில் 1168 பேர்தான்.

#9 நிரல்மொழி

மூன்றாவதை ஏற்கிறேன். முதலாவது உண்மை, ஆறுதல் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதில் உடன்பாடில்லை. ஆர்எஸ்விபி-டிஇ தள்ளுவது தடங்களை. ஒரு தடத்துக்குள் 800 அழைப்புகள் இருக்கும். தள்ளினால் 800-ம் போகும். விரைவு மாற்றுவழிக்குப் போட்டு வைக்கும் பைபாஸ் தடங்களுக்குப் பெரும்பாலோர் கொள்ளளவு ஒதுக்குவதே இல்லை. 50 மில்லிநொடியில் வழி மாறும், மாறிய இடத்தில் இடம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. வெண்ணாற்றங்கரைக்கு நடந்ததும் இதேதான்: வழி மாறும் வேகத்துக்குச் செலவழித்தோம், மாறிய பின் என்ன ஆகும் என்பதற்குச் செலவழிக்கவில்லை.

குறியிடும் முறையில் ஒரு பொறி இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நடு ரவுட்டர் குறியிட்ட கணத்திலிருந்து, ஓரம் எண்ணி, நுழைவுக்குச் சொல்லி, அது துண்டித்து, அதன் விளைவு திரும்ப நடு ரவுட்டரை அடைய நேரம் ஆகும். 150 மில்லிநொடி என்று வையுங்கள். அளக்கும் காலம் 50. முதல் சுற்றில் 60 அதிகம் என்று குறியிட்டது. இரண்டாம் சுற்றிலும் இன்னும் 160 வந்துகொண்டிருக்கிறது, இன்னொரு 60 குறியிடும். மூன்றாவதிலும் 60. மொத்தம் 180 எம்பிபிஎஸ் இறக்கு என்று ஓரத்துக்குச் சொல்லியாயிற்று. இருந்ததே 160.

எல்லோரையும் துண்டித்துவிட்டு, சாலை காலியாக இருக்கும்.

இதற்கு ஆவணம் சொல்லும் மருந்து எளியது. நடு ரவுட்டர் கடந்த சில சுற்றுகளில் தான் சொல்லி அனுப்பிய அளவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சுற்றில் அளந்த அதிகத்திலிருந்து, சொல்லிவிட்டதைக் கழிக்க வேண்டும். முதல் சுற்று 60, சொன்னேன். இரண்டாம் சுற்று 60, ஏற்கெனவே சொன்னது 60, மீதி சுழியம், குறியிடாதே. சொன்னதன் விளைவு வந்துசேரும் காலம் கடந்ததும் பழையதை மறந்துவிடலாம். வகுப்புக்கு நாலைந்து எண்கள், அவ்வளவுதான் கூடுதல் சுமை.

#10 பழைய_எக்ஸ்சேஞ்ச்

நிரல்மொழி அம்மா, அருமை. வேலைக்காரனிடம் ஒரே வேலையை மூன்று தடவை சொல்லிவிட்டு, மூன்று முறை செய்துவிட்டானே என்று கத்தும் மேலாளரை எனக்குத் தெரியும்.

என் கேள்வி வேறு. துண்டிக்கப்பட்டவர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த நொடியே மறுபடி அழைப்பார்கள். 750 பேரைத் துண்டித்தால் 750 பேரும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டுவார்கள். தீபாவளி காலையில் நிலையத்தில் நாங்கள் பார்க்காததா? அப்புறம், யாரைத் துண்டிப்பது? இயந்திரத்துக்கு அந்த அதிகாரம் கொடுத்துவிட்டு நீங்கள் தேநீர் குடிக்கப் போகக் கூடாது.

#11 வெண்ணாற்றங்கரை

அந்தத் தேநீரை இனி மறக்க மாட்டீர்கள் போலிருக்கிறது, ஐயா.

இரண்டு நாளாக அதே கேள்விதான் எனக்கும். எங்கள் வளையத்தில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. 108-க்குப் போகும் அழைப்புகள் இருக்கின்றன. கடன் அட்டை விற்கும் இரண்டு அழைப்பு மையங்களும் இருக்கின்றன. எல்லாமே 46.

அலுவலகத்தில் பேசியபோது எழுத்தர் முதல் முதலாளி வரை ஆளுக்கொரு கருத்து. புதிதாகத் தொடங்கியவரை முதலில் துண்டிக்கலாம், அவர் இழப்பது அரை நிமிடம்தான் என்றார் ஒருவர். நீண்ட நேரமாகப் பேசுகிறவரைத் துண்டிக்கலாம், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருப்பார் என்றார் இன்னொருவர். அதிகம் கட்டணம் கட்டுகிறவரைக் கடைசியில் வைக்க வேண்டும் என்றது விற்பனைப் பிரிவு, வேறென்ன சொல்லும்?

#12 நிரல்மொழி

மறு அழைப்புக்கு: கடும் நெரிசல் அறிவிப்பு வந்த ஓரம், அது தீரும்வரை அந்த வழிக்குப் புதிய அழைப்புகளை ஏற்காது. பழைய எக்ஸ்சேஞ்ச் ஐயாவின் அம்மையார் அங்கே திரும்ப வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீர்ந்தது என்று முடிவுகட்டும் வரம்பு, தொடங்கும் வரம்பைவிடச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். 100-இல் அறிவித்து 90-இல் விலக்கிக்கொள்வதுபோல. இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் கதவு படபடவென்று திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

யாரை என்பதற்கு: தேர்வு நடப்பது ஓரத்தில், நினைவு இருக்கும் இடத்தில். எனவே எந்த விதியையும் வைக்கலாம். முன்னுரிமை குறைந்தவரை முதலில் துண்டிக்க ஆவணமே இடம் தருகிறது. 108-ஐயும் மருத்துவமனையையும் மேலே வையுங்கள். அதற்குக் கீழே, என் கருத்தில், புதிதாகத் தொடங்கியவர்தான். நீண்ட நேரம் பேசியவர் முடித்திருப்பார் என்பது ஊகம். மருத்துவரோடு இருபது நிமிடம் பேசுகிறவர் முக்கியமானதை இருபத்தோராம் நிமிடத்தில் கேட்கலாம்.

#13 முதுகெலும்பு

எனக்கு அதில் உடன்பாடில்லை. நெருக்கடி நேரத்தில் புதிதாகத் தொடங்கும் அழைப்புதான் அவசர அழைப்பாக இருக்கும். வெள்ளம் வந்தால் மக்கள் அப்போதுதான் போனை எடுப்பார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், குறைந்தபட்சம் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

#14 சிங்கைச்செல்வன்

இடையில் ஒரு குறிப்பு. 2006 டிசம்பர் 26 அன்று தைவானின் தென்முனையில் நிலநடுக்கம் வந்து கடலடி வடங்கள் பல அறுந்தன. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஆகிய இரண்டும் அறுந்து இந்தியாவின் மேற்குப் பக்க இணைப்பு பெருமளவு முடங்கியது. இரண்டிலும் போக்குவரத்து வேறு வழியைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த வழிதான் திணறியது. வடம் அறுந்த கதை செய்தித்தாளில் வரும். மாற்று வழி மூச்சுத் திணறிய கதை வராது.

ஆனால் ஆர்எம்டி அங்கே உதவியிருக்காது. அது ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள வலையமைப்புக்கு உள்ளே மட்டும். குறியிடுகிறவரும் எண்ணுகிறவரும் ஒருவரையொருவர் நம்ப வேண்டும். நிறுவனங்களுக்கு இடையே யார் யாருடைய குறியை நம்பித் தன் வாடிக்கையாளரைத் துண்டிப்பார்? உங்கள் வளையம் போன்ற சிறிய, சொந்த வலையமைப்புதான் இதற்கு ஏற்ற இடம்.

#15 புதியவன்_22

ரவுட்டரில் கட்டளை இல்லை என்றால், அழைப்புகளைக் கையாளும் எஸ்பிசி கருவி இருக்குமே? அதற்கு, அழைப்பின் தரத்தைத் தெரிவிக்கும் ஆர்டிசிபி அறிக்கையில் இழப்பு விழுக்காடு வருகிறதல்லவா? அதைப் பார்த்துத் துண்டிக்கலாமே?

#16 நிரல்மொழி

நல்ல யோசனை, முதல் படியாகச் செய்யத் தக்கது. அந்த அறிக்கையில் இழப்பு எட்டு பிட்டில் வரும், 37.5 விழுக்காடு என்றால் 96 என்று காட்டும். இரண்டு குறைகள் உண்டு. அறிக்கைகளுக்கு இடையிலான குறைந்தபட்சக் காலம் வழக்கமாக 5 நொடி. 50 மில்லிநொடியோடு ஒப்பிட்டால் அது யுகம். ஆனாலும் நான்கு மணி நேரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. இன்னொன்று, இழப்பு எங்கே நடந்தது என்று அது சொல்லாது. வாடிக்கையாளர் வீட்டு வைஃபையில் விழுந்ததும் உங்கள் ஆற்றங்கரையில் விழுந்ததும் அதற்கு ஒன்றுதான். ஒரே கையில் இருக்கும் பலருக்கு ஒரே நேரத்தில் ஒரே அளவு இழப்பு தெரிந்தால் மட்டும் வளையத்தைச் சந்தேகியுங்கள்.

#17 வெண்ணாற்றங்கரை

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சோதித்துப் பார்க்காமல் எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

அலுவலகத்தில் ஓரங்கட்டிய நான்கு கணினிகளில் லினக்ஸ் போட்டேன். இரண்டு ஓரம், நடுவில் இரண்டு. உண்மை வளையத்தில் பத்தில் ஒரு பங்கு: வரம்பு 10 எம்பிபிஎஸ், 200 போலி அழைப்புகள். நடுவில் அளந்து குறியிட ஒரு சிறிய இபிபிஎஃப் நிரல் (லினக்ஸின் கருவுக்குள்ளேயே ஓடுவது), ஓரத்தில் எண்ணித் துண்டிக்க ஒரு பைத்தான் நிரல். இரு திசைகளும் தனித்தனியே ஆட்களைத் தேர்ந்தால் ஒரே நெரிசலுக்கு இரண்டு மடங்கு பேர் போவார்கள் என்பதால், முடிவை ஒரே ஓரத்திடம் விட்டேன். கம்பியைப் பிடுங்கினேன்.

முதல் ஓட்டத்தில் வேண்டுமென்றே நினைவை அணைத்து வைத்தேன். நிரல்மொழி அவர்கள் எழுதியது அப்படியே நடந்தது. அரை நொடியில் 200 பேரும் போய்விட்டார்கள். திரையில் ஒரு நேர்கோடு, சுழியத்தில்.

நினைவைப் போட்டதும் நின்றது. 89 அழைப்புகள் துண்டிக்கப்பட்டன, மற்றவை சுத்தமாக ஓடின. ஆனால் என் கணக்கில் 75தான் போயிருக்க வேண்டும். ஒரு மாலை முழுவதும் நிரலில் பிழை தேடினேன். பிழை நிரலில் இல்லை, முதுகெலும்பு ஐயாவின் 14 பைட்டில் இருந்தது. நடுவில் அளந்தது ஈதர்நெட் தலைப்போடு. 200 அழைப்பு 17.12 எம்பிபிஎஸ், அதிகம் 7.12. ஓரத்தின் பட்டியலிலோ அழைப்புக்கு 80 கேபிபிஎஸ் என்று எழுதி வைத்திருந்தேன். 7.12-ஐ 80-ஆல் வகுத்தால் 89. பட்டியலில் 85.6 என்று திருத்தியதும் 84-இல் நின்றது. ஐந்து பேர் என் எழுத்துப் பிழையால் துண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். போலி அழைப்புகளாக இருந்ததால் பிழைத்தேன்.

உண்மை வளையத்தில் இப்போதைக்கு இதைப் போடப் போவதில்லை. நடுவில் இருக்கும் ரவுட்டர்களை நான் நிரல்படுத்த முடியாது. புதியவன் சொன்ன வழியில் எஸ்பிசியில் கைக்கு 1168 என்று உச்ச எண்ணிக்கை போட்டிருக்கிறேன், இடது கை அறுந்தால் இரண்டுக்கும் சேர்த்து அதே எண். ஏற்கெனவே பேசுகிறவர்களில் மிச்சத்தை, அறிக்கை பார்த்து ஐந்து நொடிச் சுற்றில் துண்டிக்கும். 108-ம் மருத்துவமனையும் பட்டியலுக்கு வெளியே. மற்றவர்களுக்குக் குலுக்கல்; முதுகெலும்பு ஐயாவின் வாதத்துக்கு எங்கள் முதலாளி சம்மதித்தார். விற்பனைப் பிரிவு இன்னும் என்னோடு பேசுவதில்லை.

#18 முதுகெலும்பு

1168 என்பது வெயில் நாளுக்கு. ஆற்றைக் கடக்கும் மைக்ரோவேவ் மழையில் இறங்கினால் அந்த எண்ணும் இறங்க வேண்டுமே, அதை யார் மாற்றுவார்?

#19 வெண்ணாற்றங்கரை

நான்தான், கையால். மைக்ரோவேவ் கருவி பண்பேற்றம் மாறும்போது எஸ்என்எம்பி (கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறை) அறிவிப்பு அனுப்புகிறது என்று இன்று காலைதான் கையேட்டில் கண்டேன். அதை எஸ்பிசியோடு இணைக்கும் சிறு நிரலை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐப்பசிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.